வேலு அண்ணன் கணக்கில் சேர்க்காத குழாய்

செய்தி வந்தபோது நான் குளுவாங் சந்தையில் மீன்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கால் வைக்க இடமில்லை. கைப்பேசியில் சரஸ்வதி. நம் பழைய அலுவலகத்தில் எல்லாருடைய அறிக்கைகளையும் தட்டச்சு செய்து, எல்லாருடைய பிழைகளையும் திருத்தி, எல்லாரையும் திட்டிய அதே சரஸ்வதிதான். "பரமேஸ், வேலு அண்ணன் போயிட்டாருடி. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சாம்" என்றாள். என் வாயிலிருந்து வந்தது 'ஐயோ' இல்லை. "அதெப்படி? அவரு இன்னும் சொல்லவே இல்லையே!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். சரஸ்வதி அழுகையை நிறுத்திவிட்டு, "என்னடி சொல்ற நீ?" என்று கேட்டாள். கைப்பேசியை வைத்துவிட்டேன். மீன் வாங்கவில்லை.

மறுநாளே அவள் மறுபடியும் அழைத்தாள். பழைய நண்பர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீதான் அவரோடு அதிகம் வேலை செய்தவள், நல்லதாக ரெண்டு பக்கம் எழுதிக் கொடு என்றாள். எழுதுகிறேன் சரஸ். ரெண்டு பக்கத்தில் அடங்காது. நல்லதாக மட்டும் இருக்கும் என்றும் வாக்குக் கொடுக்க முடியாது. நம் வாட்சாப் குழுவில் நீங்கள் எல்லாரும் போடுவதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உத்தமர் என்கிறீர்கள், தங்கமான மனுஷன் என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. தங்கம்தான். அந்தத் தங்கம்தான் என் கழுத்தை அறுத்தது. அவர் இன்னும் சொல்லாமல் இருந்தது என்ன, யாரிடம் சொல்ல வேண்டியிருந்தது என்பதை எழுதாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குக் கை வரவில்லை.

வேலாயுதம் என்ற முழுப் பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். எல்லாருக்கும் வேலு அண்ணன். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிய தாய் தகப்பனுக்குப் பிள்ளையாகப் படித்து வந்தவர். ஜொகூர் பாருவில் இருந்த அந்த ஆலோசனை நிறுவனத்தில் அவரும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். என் வேலை வெளியில். நிலத்தில் சோதனைக் குழாய் இறக்குவது, அதிலிருந்து தண்ணீர் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது. அவர் வேலை கணினியில். நான் கொண்டுவரும் எண்களை வைத்து நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகிறது, அதில் கலந்த அழுக்கு எப்போது எங்கே போய்ச் சேரும் என்று மாடல் கட்டுவது. "நான் வெயில்ல வேகறேன், நீங்க ஏர்கோன்ல உக்காந்து பேரு வாங்கிக்கிறீங்க" என்று வம்புக்கு இழுப்பேன். "கம்ப்யூட்டருக்கு மூக்கு இல்லம்மா. நீ மோந்து பாத்து சொன்னாத்தான் அதுக்கு வாசனை தெரியும்" என்பார். சும்மா சொன்னதில்லை. தண்ணீர் என்ன நிறம், என்ன வாடை, கையில் பிசுபிசுக்கிறதா என்று என்னைக் குடைந்து கேட்டுவிட்டுத்தான் ஓர் எண்ணைக்கூட உள்ளே போடுவார்.

அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்று போதும் என்றால் அந்த மழைநாளைச் சொல்வேன். அன்றைக்கு அவரும் என்னோடு வந்திருந்தார்; மாதிரி எடுத்துவிட்டுத் திரும்பும்போது ஓடை பெருகிப் பாலத்தை மூடிவிட்டது. வண்டி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். தண்ணீர் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்காவிட்டால் எல்லாம் வீண். போனால் போகட்டும், இன்னொரு நாள் எடுப்போம் என்றேன் நான். மனுஷன் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். "அலமாக், வேலுண்ணே, தண்ணிக்காகத் தண்ணியில போயிராதீங்க!" என்று கரையிலிருந்து கத்தினேன். அக்கரையில் ஏறிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "பரமேஸ், ஒரு குழாய விட்டாலும் கணக்கு பொய்யாயிரும்லா" என்று சிரித்தார். அந்தச் சொல்லை நான் எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். இன்று எழுதும்போது அந்தப் பெருமையை எல்லாரிடமிருந்தும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்தக் குப்பைமேட்டு வேலை எங்களுக்கு வந்தது அதற்குப் பிறகு. குளுவாங்குக்கும் பண்டார் தெங்காராவுக்கும் இடையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குப்பைமேடு. பேர் வேண்டாம், அந்தப் பக்கம் போனவர்களுக்கு மூக்கே வழி காட்டும். மேட்டின் பழைய பகுதி எந்தக் காலத்திலோ வெறும் மண்ணில் கொட்டியது. அடியில் ஒரு தடுப்பும் இல்லை. இப்போது அதை ஒட்டி, பாதி அதன் மேலேயே ஏறும்படி, புதிதாக விரிவுபடுத்தப் போகிறார்கள். புதிய பகுதிக்கு அடியில் கனத்த பிளாஸ்டிக் விரிப்புப் போடுவார்கள். இந்த விரிவாக்கத்தால் வரும் காலத்தில் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று கணித்துச் சொல்ல வேண்டும். சரிவுக்குக் கீழே ஒரு கம்பம், சின்ன ஊர்தான், இருந்தது. தோட்டத்தை விற்றபோது வெளியே அனுப்பப்பட்ட நம் சனம் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், கோயிலடியில் ஒரு கிணறு. பைப்புத் தண்ணீர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. குடிக்கவும் சமைக்கவும் எல்லாருக்கும் கோயில் கிணறுதான். வீடுகளுக்குப் பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. இதோ அதோ என்று இழுத்துக்கொண்டிருந்தது.

மாடல் என்றால் என்ன என்று இந்த மலரைப் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். குப்பை வருஷா வருஷம் எவ்வளவு உயரும், எவ்வளவு மழை அதன் வழியாக இறங்கும், மண் எவ்வளவு வேகத்தில் தண்ணீரை விடும் என்று எல்லாவற்றையும் கணினியில் போட்டு, காலத்தை முன்னால் ஓட்டிப் பார்ப்பது. அது சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. இன்றைக்கு நிலத்தில் இருக்கும் குழாய்களில் உண்மையாக என்ன இருக்கிறதோ, அதை மாடலும் சொல்கிறதா என்று முதலில் ஒத்துப் பார்க்க வேண்டும். குழாய் சாட்சி. சாட்சியும் மாடலும் ஒத்துப்போனால்தான் எதிர்காலத்தைப் பற்றி மாடல் பேசலாம். இதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை நாணயம். இதை எனக்குப் பாடப் புத்தகம் சொன்னதைவிட வேலு அண்ணன் அழகாகச் சொல்வார்.

ஒரு சாட்சி மட்டும் ஒத்துப்போகவில்லை. பழைய குப்பைக்கும் கோயிலுக்கும் நடுவில் நான் இறக்கிய குழாய். அதில் முதல் தடவை எடுத்த தண்ணீரிலேயே உப்பு ஏறியிருந்தது. குப்பை நீர் வந்துசேர்ந்ததற்கு அதுதான் முதல் அடையாளம். எண்ணைப் பார்த்துவிட்டு வேலு அண்ணன் தாளை மடித்து மேசையில் வைத்தார். அப்புறம், "செம்பனைக்குப் போடற பொட்டாஷ் உரம்லா. அதுலயும் இதே உப்புதான். மழைக்கு இறங்கியிருக்கும்" என்றார். தோட்டத்தில் வளர்ந்த எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மரத்தடியில் வெள்ளையும் சிவப்புமாக அந்த உரம் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தேதான் வளர்ந்தோம். அடுத்த தடவை நான் கிளம்பும்போது, "அந்தக் குழாய விட்டுரு பரமேஸ். நான் போய் பாத்தேன், உள்ள உடைஞ்சிருக்கு. மேல்தண்ணி கலக்குது. அதுல எடுத்தா நம்ம மாடலே கெட்டுரும்" என்றார். குழாய் உடைவது நடக்கிற காரியம்தான். அவர் போய்ப் பார்த்தேன் என்கிறார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? சரிண்ணே என்று விட்டுவிட்டேன். பழைய குப்பையிலிருந்து பெரிதாக எதுவும் இறங்கவில்லை என்று மாடலில் வைத்துக்கொண்டார். அது பொய் என்று சொல்ல நிலத்தில் இருந்த ஒரே சாட்சியையும் வெளியே அனுப்பிவிட்டார். மற்ற குழாய்கள் எல்லாம் மாடலோடு அழகாக ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்!

முடிவைக் கம்பத்து மக்களிடம் சொல்லக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மற்றவர்களாக இருந்தால் வண்ணப் படங்களைச் சுவரில் காட்டிக் கொட்டாவி விட வைத்திருப்பார்கள். வேலு அண்ணன் வரும் வழியில் டவுனில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஐஸ் கச்சாங் இனிப்புக்குச் சீவும் பனியையும் ஒரு போத்தல் சிவப்புச் சிராப்புப் பாகையும் வாங்கி வந்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் பனியை அமுக்கி வைத்து, மேலே சிராப்பை ஊற்றினார். "இதான் குப்பைமேடு. இந்தச் செவப்புதான் அழுக்கு. இது அடிக்கு எறங்குறதுக்கு எம்மா நேரம் ஆவுது பாத்துக்குங்க. இடையில நாங்க பிளாஸ்டிக் வேற விரிச்சிர்றோம்" என்றார். சனம் சிரித்தது. "உங்க காலத்துல வராது. உங்க பிள்ளைங்க காலத்துலயும் வராது. அதுக்குள்ள ஊரு பூரா பைப்பு வந்துரும்லா" என்றார். கோயில் மகளிர் குழுவை நடத்திய ராமாயி அக்கா எழுந்து என்னைக் காட்டி, "பரமேசு, நீ சொல்லு. எங்க தண்ணிய நாங்க பயமில்லாம குடிக்கலாமா?" என்று கேட்டார். "வேலுண்ணே சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றேன். மீதிப் பனியை அவரே கரண்டி போட்டுச் சாப்பிட்டார். கம்பமே அவருக்கு விசிறி ஆகிவிட்டது. ஆண்டு தவறாமல் திருவிழாவுக்கு அழைப்பு வரும், அவரும் தவறாமல் போவார்.

வருஷங்கள் ஓடின. அவர் ஓய்வு பெற்றார். நான் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். போன வருஷம் அதே குப்பைமேட்டை இன்னும் விரிக்க வேண்டும் என்று வேலை வந்தது, என் கைக்கே வந்தது. பழைய குழாய்களைத் தேடிக்கொண்டு போனபோது செடிகொடிக்குள் அந்த 'உடைந்த' குழாயும் நின்றது. சும்மா பார்ப்போமே என்று மூடியைத் திறந்தேன். தண்ணீர் எடுக்கும் குடுவை எங்கும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு அடி வரைக்கும் போனது. உடைந்த குழாயில் அப்படிப் போகாது. மேலே இழுத்தேன். தேயிலை இறங்கிய மாதிரி நிறம். அந்த வாடையை உங்களில் குப்பைமேட்டில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உரத்துக்கு அந்த வாடை கிடையாது. சின்ன கேமராவை உள்ளே இறக்கிப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை.  கோயில் கிணற்றிலும் தண்ணீர் எடுத்து அனுப்பினேன். அங்கும் வர ஆரம்பித்துவிட்டது என்று பதில் வந்தது.

நானே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். மேலிடத்துக்கும் எழுதினேன், பரிசீலிக்கிறோம் என்றார்கள், பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள். ராமாயி அக்காவிடம், "கிணத்துத் தண்ணிய இனிமே குடிக்காதீங்கக்கா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கு நீயே சரின்னு சொன்ன. வேலு சாரு ஐஸ்ல ஊத்தி எங்க கண்ணு முன்னாலயே காட்டுனாரு. இப்ப புதுக் கம்பெனிக்குப் போயிட்டு புதுக் கதை சொல்றியா? எங்கள இங்கேர்ந்து கெளப்பறதுக்கு யாராச்சும் அனுப்புனாங்களா?" என்று கேட்டார். கோபப்பட முடியுமா? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நேராக வேலு அண்ணனிடம் போனேன். குளுவாங்கில் அவர் வீட்டுப் பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். சுற்றி வளைக்காமல், "அந்தக் குழாய் உடையலண்ணே" என்றேன். காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பொய் சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் சொல்லவில்லை. "உடையலதான்" என்றார்.  "அறிக்கை கொடுக்கற கடைசி வாரத்துலதான் பரமேஸ் எனக்கு முழுசா தெரிஞ்சது. அது வரைக்கும் உரம்னுதான் நானும் நெனச்சேன், உரம் நம்ம கணக்கக் கெடுக்கும்னுதான் உடைஞ்சதுன்னு சொல்லி ஒதுக்கினேன். அந்தக் குழாயச் சேத்து ஓட்டிப் பாத்தா செவப்பு நேரா கோயிலுக்குப் போவுது. என்ன செய்யச் சொல்ற? தண்ணி கெட்டுப்போச்சுன்னு எழுதினா, முதல்ல தூக்கறது குப்பைய இல்ல, சனத்த. பட்டா இல்லாத சனம். ஒரு வெள்ளிக் காசும் குடுக்காம கெளப்பி விட்டுருப்பானுங்க. பட்டா வர்ற வரைக்கும் நேரம் வாங்கிக் குடுத்தேன், அவ்ளோதான்."

நல்லா இருக்கிறது நியாயம்! அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்படித்தான் நடந்திருக்கும், நம் சனத்தை அப்படித்தான் எத்தனையோ இடத்தில் கிளப்பியிருக்கிறார்கள். ஆனால் வீடா தண்ணீரா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் அல்லவா? அவர்களுக்கு விஷயத்தைச் சொல்லி, அவர்கள் வாயால் கேட்டிருக்க வேண்டாமா? இதை எல்லாம் அந்தக் கடையிலேயே கத்தினேன். "என்னை எதுக்குண்ணே சாட்சிக்கு நிக்க வெச்சீங்க? என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்களே, என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே!" என்று அழுதேன். அவர் கண்ணும் கலங்கியது. "உனக்கு நடிக்கத் தெரியாதுலா. சொல்லியிருந்தா மண்டபத்துலயே ஒளறியிருப்ப" என்றார். என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருந்தார்.

கடைசியில் அவரே ஒப்புக்கொண்டார். "நீ சொன்னா நம்ப மாட்டாங்க. என் வாயால சொன்னது, என் வாயாலதான் மாத்தணும். திருவிழா முடியட்டும், நானே வந்து மண்டபத்துல நின்னு சொல்லிர்றேன்" என்றார். திருவிழா முடிந்தது. அடுத்த வாரம் என்றார். பேத்திக்குக் காய்ச்சல் என்றார். இந்த ஞாயிறு நிச்சயம் என்றார். ஒவ்வொரு வாரமும் அந்தக் கிணற்றில் வாளி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. நான் மறுபடியும் நம்பினேன். கேணச்சி! அந்த ஞாயிறு காலையில்தான் சந்தையில் சரஸ்வதி அழைத்தாள். நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது புரிகிறதா சரஸ்? மனுஷன் தப்பித்துவிட்டார். எல்லாரையும் அழவிட்டு, அந்த ஒரு வாக்கை என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, கம்பத்து மக்கள் கோயில் மண்டபத்தில் அவருக்காகத் தனியாக ஒரு பிரார்த்தனை வைத்தார்கள். என் மேல் இருந்த கோபத்தையும் மறந்து ராமாயி அக்காவே கூப்பிட்டார். "அவரோட கூடப் பொறந்தவ மாதிரி இருந்த. வந்து நாலு வார்த்தை பேசு." போனேன். அவர் படத்துக்குப் பெரிய மாலை போட்டிருந்தார்கள். தேவாரம் பாடினார்கள். மண்டப மூலையில் அண்டா நிறையத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கத் தேவையில்லை. என்னைப் பேச அழைத்தார்கள். மழைநாளில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன், சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதே மூச்சில் மீதியையும் சொல்லிவிட்டேன். குழாய் உடையவில்லை, அவருக்குத் தெரியும், என்னிடம் ஒப்புக்கொண்டார், உங்களிடம் சொல்லத்தான் வருவதாக இருந்தார் என்றேன்.

மண்டபம் கொதித்துவிட்டது. கோயில் தலைவர் எழுந்து, "செத்த மனுசன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாருன்னு தைரியமா? எறங்கும்மா கீழ!" என்றார். பின்னாலிருந்து ஒருவர் நான் ஊரைக் கிளப்பக் குப்பைமேட்டுக்காரனிடம் காசு வாங்கிவிட்டேன் என்றார்.  வேலு அண்ணன் பேசியிருந்தால் ஒரே நிமிடத்தில் அடங்கியிருப்பார்கள். படத்தில் சிரித்துக்கொண்டிருந்த அந்த மனுஷன் மேல் அப்போது வந்த ஆத்திரம் அதற்கு முன் எனக்கு யார் மேலும் வந்ததில்லை. இறங்கி வந்துவிடலாம் என்று திரும்பினேன்.

அப்போது ராமாயி அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, யாரிடமும் இல்லாமல் தனக்குத் தானே பேசுவதுபோல், "அதனாலதான் வாங்கிக் குடிக்கலையா?" என்றார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "மொத மொத வந்தப்ப எங்க வீட்ல ரெண்டு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணி மாதிரியே இருக்குக்கான்னாரு. அப்புறம் இந்தப் பிள்ளை அந்தக் குழாய்லேர்ந்து போத்தல்ல தண்ணி எடுத்துக்கிட்டுப் போச்சு. அதுக்குப் பொறவு இத்தன வருசமா எத்தன தடவ வந்தாரு? யாரு வீட்லயாச்சும் ஒரு வாய் தண்ணி குடிச்சாரா? தேத்தண்ணி குடிச்சாரா? சொல்லுங்க."

 பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். எங்க வீட்லயும் வேணாம்னுட்டாரு. வயிறு சரியில்லன்னாரு. கார்ல போத்தல் இருக்குன்னாரு. திருவிழாச் சாப்பாட்டுக்கு உக்காராமலே போயிருவாரு. வந்த விருந்தாளி ஒரு டம்ளர் தண்ணீரைத் தள்ளினால் அந்த வீட்டுக்காரருக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. ஒரு வீட்டுக்காரரும் மறந்திருக்கவில்லை. ராமாயி அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாங்க வேற மாதிரி நெனச்சுக்கிட்டோம் பரமேசு. நாங்க என்ன ஆளுங்கன்னு யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்க, அதான் கை நனைக்க யோசிக்கிறாருன்னு நெனச்சோம். கேட்டா அந்த மனுசனுக்கு அசிங்கமாயிரும்னு கேக்காம விட்டுட்டோம்."

தூணைப் பிடித்துக்கொண்டேன். கடைசி வாரத்தில்தான் தெரிந்தது என்று காப்பிக்கடையில் கண் கலங்கச் சொன்னாரே, அதுவும் பொய். முதல் போத்தல் தண்ணீரிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. உரம் என்று என்னிடம் சொன்ன அன்றைக்கே தெரியும். அதற்குப் பிறகு எத்தனை மாதம் நான் அந்தக் கம்பத்தில் வேலை செய்தேன்! வெயிலில் வெந்து வந்து, ராமாயி அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். தேநீர் குடித்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "நீ குடி பரமேஸ், வெயில்ல வந்திருக்க" என்பார். அதை அக்கறை என்று நினைத்தேன். சனத்தைக் கிளப்பிவிடுவார்கள் என்று அவர்களுக்காக மறைத்தார், சரி, ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்கிறேன். என்னை யார் கிளப்பப் போகிறார்கள்? எனக்கு என்ன பட்டா வர வேண்டியிருந்தது? நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிண்ணே உட்கார்ந்திருந்தீர்கள்? இதை இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ராமாயி அக்கா எழுந்தார். அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க வாங்கடி என்றார். இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் தேநீர் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்தார்கள். கோயில் தலைவர் போய்க் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். இப்போது வாரத்தில் சில நாள் தண்ணீர் லாரி வருகிறது. மற்ற நாளுக்கும் வர வேண்டும் என்று நானும் அவர்களும் சேர்ந்து நச்சரித்துக்கொண்டிருக்கிறோம். பட்டா இன்னும் வரவில்லை; யாராவது அவர்களைக் கிளப்ப வந்தால் இந்தத் தடவை கையில் உண்மை இருக்கிறது, சண்டை போடலாம். படத்தை யாரும் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட எழுத்தை முடிப்பார்கள். அவர் ஆத்மா சாந்தி அடையட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் இன்னும் கொஞ்ச நாள் கழித்துச் சொல்கிறேன். இப்போதைக்கு என்னிடம் இருப்பது கோபம்தான், அதை யாரும் ஆற்ற வர வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. எந்த ஊருக்கு முடிவு சொல்லப் போனாலும், கணினியைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு டம்ளர் கொண்டுவந்து எனக்கு முன்னால் வையுங்கள் என்கிறேன். நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்கிறேன். குடிக்காமல் பேச ஆரம்பித்தால், நான் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.